ரொட்டிப் பை

தட்டில் இஸோகன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. நடுவே அவள் படம். வேலைக்குச் சேர்ந்த வருடம் எடுத்தது. நர்ஸ் தொப்பி சற்றுக் கோணலாக இருக்கும். சுற்றிலும் ஊதா எழுத்தில் ‘கடமையில் உயிர் தந்த தாரகை’ என்று அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டுத் தட்டை ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் லக்கி தலையில் சுமந்துகொண்டு வந்து, அவள் கணவன் எஹிமாரேயின் கூடத்து மேசைமேல் இறக்கினான்.

“பெரிய டாக்டர் குடுத்தனுப்பினார் சார். சனிக்கிழமை விழாவுக்கு வர்ற எல்லாருக்கும் ஒண்ணு. உங்க சொந்தக்காரங்களுக்கு இது தனியா. பக்கெட்டும் அடிச்சிருக்கு. பக்கெட்டுல மட்டும் மூஞ்சி கொஞ்சம் நீளமா விழுந்துடுச்சு. மத்தபடி பிரமாதம்.”

“இதுல என்ன போடுவாங்க?”

“ஜொலோஃப் சோறு. மேல கோழி.”

“அவ முகத்து மேலயா?”

லக்கி தட்டை ஒரு தரம் பார்த்தான். “அப்படி யோசிக்கலையே சார். எங்கப்பன் செத்தப்போ கைக்குட்டையில அடிச்சோம். ஊரே அதுல மூக்கைச் சிந்துச்சு. கோவிச்சுக்க முடியுதா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. செத்தவர் முகத்தோடு ஒரு பாத்திரம் தராமல் அந்த ஊரில் யாரையும் அடக்கம் செய்ததில்லை. எஹிமாரேயின் சமையலறையிலேயே அவன் பெரியப்பாவின் வாளி இருந்தது. சர்ச் மூப்பரின் முறம் இருந்தது. மூப்பர் முகத்தில் இஸோகன் பயறு புடைப்பாள்.

ஆனால் அவளை அடக்கம் செய்த அன்று யாருக்கும் தட்டு கிடைக்கவில்லை. வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மூடிய நாலு பேர் அவளை ஒரு பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, குழிக்குள் இறக்கினார்கள். அவனை வேப்பமரத்தைத் தாண்டி வரவிடவில்லை. குளிப்பாட்டல் இல்லை, பாட்டு இல்லை. நாலு பேர் கையிலும் இரண்டு அடுக்குக் கையுறை.

அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கையுறையை.

“டாக்டர் உங்களை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னார் சார்” என்றான் லக்கி.

*

டாக்டர் அய்போகான் எழுந்து வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அறையில் ஏசி ஓடியது. வெளியே ஹர்மட்டான் காற்று சகாராப் புழுதியை ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தூசு இல்லை.

“உட்காருப்பா. சாப்பிடறியா ஒழுங்கா? இளைச்சுட்டே. பிரசவ வார்டுக்கு அவ பேரு வெக்கிறோம். கல்வெட்டு வந்தாச்சு, பளிங்கு. அபுஜாவுலேர்ந்து அமைச்சகத்து ஆள் வர்றார். ரிப்பனை நீதான் வெட்டணும்.”

“சரி டாக்டர்.”

“அப்புறம் நாலு வார்த்தை பேசணும். நீ பயாலஜி வாத்தியார், ஜனங்க காது குடுப்பாங்க. இந்த லாசா காய்ச்சல் எப்படி வருது, எலி எப்படி வீட்டுக்குள்ள பூருது, அந்த மூத்திரம் பட்ட காரியை ஊறவெச்சுக் குடிச்சா என்ன ஆகும். அதைச் சொல்லு. உன் வீட்டுல நடந்ததையே சொல்லேன். மனசுல நிக்கும்.”

“என் வீட்டுல என்ன நடந்துச்சு?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, காட்டை எரிச்சாச்சு, எலியெல்லாம் வீட்டுக்கு வருது. எல்லா வீட்டுலயும் வருது. அவ காரி குடிப்பாதானே?”

குடிப்பாள்தான். மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த அந்த ரவையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சர்க்கரையும் வேர்க்கடலையும் அள்ளிப் போட்டு, வெயில் நேரத்தில் யார்தான் குடிக்கவில்லை? டாக்டர் மேசையின் ஓரத்திலேயே மூடிபோட்ட கோப்பை ஒன்று இருந்தது. கரண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கிழங்கு மாவைத் தார்ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறார்கள். எலி வருகிறது, போகிறது. கொதிக்காத தண்ணீர் எந்தக் கிருமியையும் கொல்லாது. எல்லாம் உண்மை. எஹிமாரே அதை வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவன்.

“ஒரே வாளிக் காரியைத்தான் ரெண்டு பேரும் குடிச்சோம் டாக்டர்.”

“உன் உடம்பு தாங்கியிருக்கும்.”

“தாங்கியிருந்தா தழும்பு இருக்கணுமில்ல? ஜெயிச்ச சண்டை ஒவ்வொண்ணையும் ரத்தம் ஞாபகம் வெச்சுக்கும். நீங்கதான் என் ரத்தத்தை எடுத்து அனுப்பினீங்க. அந்தக் கிருமியை என் உடம்பு பார்த்ததே இல்லைன்னு வந்துச்சு. வீட்டுல எலிப்பொறி வெச்சீங்க. சிக்கினது ஒரு பல்லி.”

“அதெல்லாம் நூத்துக்கு நூறு நிரூபணம் ஆகாது.”

“வார்டுல அந்த ஜாய் பொண்ணோட ரத்தம் அவ கையில பட்டது நிரூபணம் ஆகுமா?”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது; கழற்ற மறந்த கண்ணாடி மாதிரி.

“வேலை செய்யற இடத்துல தொத்துச்சுன்னு எழுதினா விசாரணைக் கமிட்டி வரும். ஆஸ்பத்திரியை மூடுவாங்க. அப்புறம் இந்த ஊர்ப் பொம்பளைங்க எங்க பிள்ளை பெத்துப்பாங்க? சொல்லு. அவளே இருந்திருந்தா ஆஸ்பத்திரியை மூடச் சொல்லியிருப்பாளா?”

அவளே இருந்திருந்தால். அந்த வாக்கியத்தின் துணிச்சலை எஹிமாரே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அவள் போனதிலிருந்து எல்லாமே பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரிதான். கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி வருவதில்லை.

“ஸ்டோரைத் திறந்து வெச்சிருக்கீங்களா இப்போ?” என்றான்.

“தொற்று முடிஞ்சுதுன்னு அறிவிச்சாச்சே. சரக்கு எல்லாம் சீல் வெச்சாச்சு. சனிக்கிழமை மேடைக்கு எடுத்து வெப்போம், அபுஜாக்காரர் பார்க்கணும். ஒரு பெட்டிகூட வீணாக்கலைன்னு தெரியணுமில்ல?”

*

பெட்டிகள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. கையுறை, முகமூடி, முழு உடுப்பு, ஸ்டோரின் கூரைவரை. தொற்று என்று அறிவிப்பு வந்தால் மட்டும் திறக்க வேண்டிய சரக்கு. அறிவிப்பு வர ஆய்வகம் சொல்ல வேண்டும். ஆய்வகம் வேறு ஊரில் இருந்தது. அதுவரை எப்போதும் போல நோயாளியின் வீட்டார்தான் எதிர்த்த மருந்துக்கடைக்குப் போய்க் கையுறை வாங்கிவந்து நர்ஸிடம் நீட்ட வேண்டும். பஞ்சு, சிரிஞ்சு, ப்ளீச்சிங் தண்ணீர், எல்லாமே அப்படித்தான். யாரும் அதை விநோதமாக நினைத்ததில்லை.

ஜாய் ஆறாம் மாதக் கர்ப்பிணி. காய்ச்சல் என்று வந்தாள். மலேரியா என்று எழுதி மலேரியாவுக்கு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தபடியே இருந்தது. அப்போதே இஸோகனுக்குச் சந்தேகம். டாக்டரிடம் போய் ஸ்டோரைத் திறக்கக் கேட்டாள். “நீ எப்போ ஆய்வகமா மாறினே?” என்று கேட்டுவிட்டு அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

பிற்பகலில் கரு கலைந்தது. ஜாயின் அம்மா கையுறை வாங்க ஓடினாள். மருந்துக்கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டு ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தான். அவள் சந்தைவரை ஓடினாள். வார்டில் ரத்தம் கட்டிலிலிருந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது.

இதை இஸோகனேதான் சொன்னாள், அன்று சாயங்காலம், சமையலறையில், கையை முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தபடி.

“கூட டூட்டியில இருந்த ஒமோசெடே மதியத்துக்கு ரொட்டி வாங்கி வெச்சிருந்தா. ரொட்டியை அவ மடியில கொட்டிட்டு, பையை எடுத்து ரெண்டா கிழிச்சுக் கையில சுத்திக்கிட்டேன். பாவம், ‘என் ரொட்டி, என் ரொட்டி’ங்கறா. இவ கை ஆம்பளைக் கை, சின்ன ரொட்டிப் பை பத்தாது, குடும்ப சைஸ்தான் வேணும்னு மத்தவளுங்க சிரிப்பு வேற.”

“பை கிழிஞ்சுதா?”

“கிழியாம? ரொட்டிக்காரன் பிரசவம் பார்க்கறதுக்கா பை செய்யறான்?”

பொண்ணு பொழைச்சுப்பா என்றாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. நகத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. முந்தின நாள் வாழைக்காய் நறுக்கியது. அதை அவன் பார்த்தான். அவளும் அவன் பார்ப்பதைப் பார்த்தாள். கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, “பாடம் எடுக்காதே வாத்தியாரே” என்றாள்.

ஜாய் பிழைத்தாள். ஒரு காது மட்டும் போயிற்று. அந்தக் காய்ச்சல் விட்டுப் போனவர்களிடம் அப்படி ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போவதுண்டு. ஜாயின் ரத்தத்தில் லாசா என்று ஆய்வகம் சொல்லி அனுப்பியபோது இஸோகன் தொண்டை வலி என்று படுத்திருந்தாள். அதன்பிறகு ஸ்டோர் திறந்தது. ரொம்ப தாராளமாகத் திறந்தது. அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவர்கள்கூட விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற அவனிடம் அவள் வாயசைத்துச் சொன்ன கடைசி விஷயம், முகத்தில் பாதி சிரிப்போடு: “எவ்ளோ கையுறை, பாத்தியா?”

*

டாக்டர் அறையிலிருந்து வெளியே வர, பிரசவ வார்டைக் கடந்துதான் போகவேண்டும். கதவுக்கு மேலே பளிங்குக் கல்லைப் பதித்து மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது.

ஒமோசெடே முதல் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். கட்டிலில் இருந்தவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒமோசெடே ஒரு கையால் அவள் தலையைத் தாங்கியிருந்தாள். அந்தக் கையில் ரொட்டிப் பை. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். பையில் கோதுமைக் கதிர்ப் படம்.

எஹிமாரே வாசலிலேயே நின்றான்.

அவள் தலை தூக்கினாள். முன்பெல்லாம் அந்த வார்டின் நர்ஸுகள் அத்தனை பேரும் அவனை ‘எங்க புருஷரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். தோழியின் கணவன் என்றால் அந்த ஊரில் அப்படித்தான் கேலி. இப்போது அவள் “சார்” என்றாள்.

“என்ன காய்ச்சல்?”

“மலேரியான்னு எழுதியிருக்கு.”

“மருந்து?”

“முழுசும் ஏத்தியாச்சு. எறங்கல.” அவள் வாளியைக் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். “ஊசி போட்ட இடத்துல கசியுது. ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கு. ரிசல்ட் வரட்டும்ங்கறார் டாக்டர்.”

“ஸ்டோர்?”

“அறிவிப்பு இல்லாம திறக்க மாட்டானாம். நான் லக்கி கால்ல விழாத குறை. அவன் என்ன பண்ணுவான், சாவியை அவர் பையில வெச்சிருக்கார்.”

“அந்தப் பையைக் கழட்டு ஒமோசெடே.”

“கழட்டினா வெறுங்கை. வெறுங்கையோட பிடிக்கவா, இல்ல பிடிக்காம விடவா? நீங்களே சொல்லுங்க. மூணாவது ஒண்ணு இருந்தா சொல்லுங்க.” அவள் குரல் ஏறியது. கட்டிலில் இருந்தவள் கண் திறந்து பார்த்ததும் தணிந்தது. “இவ வீட்டுக்காரன் கையுறை வாங்கப் போயிருக்கான். போனவன் போனவன்தான். எனக்கு வீட்டுல ரெண்டு குழந்தை இருக்கு. வேலையை விட்டுடுன்னு அம்மா அழுவறா. நான் விட்டா அடுத்து சுத்திக்கப் போறவ யாருன்னு எனக்குத் தெரியும். போன மாசந்தான் படிப்பு முடிச்சு வந்திருக்கா.”

அவன் எதிர்க் கடைக்குப் போனான். இருந்த ஒரே பெட்டிக் கையுறையை வாங்கி வந்து கொடுத்தான். பாதி காலிப் பெட்டி. ஒரு பொழுதுக்குக் காணும்.

*

மறுநாள் பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. உடலின் தற்காப்பு. புத்தகத்தில் ஒரு கோட்டைப் படம் உண்டு. மதில்சுவர் என்பது தோல். உள்ளே வேல் பிடித்த வீரர்கள் வெள்ளை அணுக்கள். எல்லாரும் தசை முறுக்கி, பல்லைக் கடித்து, எதிரிக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொன்னான்.

“இந்தப் படம் பொய்” என்றான்.

வகுப்பு விழித்தது.

“சுவர்ல ஒரு கீறல் போதும். நகத்தோரத்துல. வாழைக்காய் நறுக்கும்போது பட்ட கீறல். உள்ள வந்த கிருமி வீரனோட சண்டை போடும்னு நினைக்கறீங்க. லாசா சண்டை போடறதில்ல. முதல்ல பார்த்துக் கூச்சல் போடவேண்டிய காவல்காரன் இருக்கானே, அவனுக்குள்ளயே போய் உட்கார்ந்துக்குது. அவனைக் கொல்றதுகூட இல்ல. வாயை மட்டும் அடைச்சுடுது. காவல்காரன் நின்ன இடத்துலயே நிக்கறான், சம்பளம் வாங்கறான், ஆனா கூச்சல் போடறதில்ல. உள்ள இருக்கற வீரனுக்கு எதிரி வந்ததே தெரியாது. தெரியும்போது கிருமி ஊர் பூராவும் பரவியிருக்கும்.”

பேசும்போதே எதைப் பற்றிப் பேசுகிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக்கட்டி கையில் ஒடிந்தது. ஊசி போட்ட ஈறில் எங்கேயோ ஒரு மூலையில் வலி எடுக்க ஆரம்பித்திருந்தது. அது வந்ததில் அவனுக்குக் கிட்டத்தட்ட நிம்மதி.

*

சனிக்கிழமை ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆள் உயர ஒலிபெருக்கிகள். ஜெனரேட்டர் உறுமியது. விருந்தாளிகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோற்றுக்குக் காத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் இஸோகன், மடி மடியாக. மேடையில் ஒருபக்கம் அவள் பேனர். மறுபக்கம் ஸ்டோரிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகள், கோபுரம் மாதிரி அடுக்கி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தது. அபுஜாவிலிருந்து வந்தவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். லக்கி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டிகளுக்குக் காவல் நின்றான்.

கடைசி வரிசையில் ஜாயின் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜாய், கேட்கும் காதை மேடைப் பக்கம் திருப்பி. வரவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள் என்று எஹிமாரேக்கு அப்புறம் தெரிந்தது.

“இப்போது நம்ம தாரகையோட கணவர்!” என்றான் தொகுப்பாளன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே குரல் அவனுக்கு. “கை தட்டுங்க! சத்தம் பத்தல, ஜெனரேட்டரே உங்களைவிட நல்லா தட்டுது!”

எஹிமாரே மைக்கைப் பிடித்தான். மறுகையில் வெல்வெட் தட்டில் வைத்துக் கொடுத்த கத்திரிக்கோல்.

“எங்க வீட்டுல எலி இருக்கு” என்றான்.

டாக்டர் முன்வரிசையில் தலையசைத்தார்.

“உங்க வீட்டுலயும் இருக்கு. டாக்டர் வீட்டுலயும் இருக்கும், அவரும் காரி குடிப்பார்.” சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்தார். “காரியை மூடி வையுங்க. நல்லது. ஆனா என் மனைவி எலியால சாகல. ரொட்டிப் பையால செத்தா.”

சிரிப்பு பாதியில் நின்றது.

“கையுறை கேட்டா. இதோ இங்க அடுக்கியிருக்கே, இதைத்தான் கேட்டா. ஸ்டோருக்கும் வார்டுக்கும் நடுவுல முற்றந்தான். இதுல ஒரு ஜோடி அவ வேலை செஞ்சப்போ அந்த முற்றத்தைத் தாண்டி வரல. அவ படுத்த பிறகு வந்துச்சு. அவளைப் புதைக்க வந்தவன் ரெண்டு ஜோடி போட்டுக்கிட்டு வந்தான்…”

டாக்டர் விரலைச் சுண்டினார். ஒலிபெருக்கிக்காரன் புரிந்துகொண்டான். பாட்டு பாய்ந்து வந்தது. ட்ரம்மும் ட்ரம்பெட்டுமாக, இறந்தவர் புகழ் பாடும் பாட்டு. எஹிமாரேயின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொகுப்பாளன் தோளைத் தட்டி, “பாவம், துக்கம்” என்று கூட்டத்துக்குச் சைகை காட்டினான்.

கடைசி வரிசையில் ஜாயின் அம்மா எழுந்து நாற்காலி மேல் ஏறினாள். சந்தையில் கூவி விற்கிறவளின் தொண்டை அது. ட்ரம்பெட்டுக்கு அடங்கவில்லை.

“கையுறை வாங்க ஓடினது நான்தான்யா! கடை சாத்தியிருந்துச்சு! நான் திரும்பி வரதுக்குள்ள அந்தப் பொண்ணு ரொட்டிப் பையோட என் மகளைக் காப்பாத்திட்டா! எலியாம் எலி! எலியா பூட்டு போட்டுச்சு? சாவி எலி கையிலயா இருந்துச்சு?”

யாரோ கைதட்டினார்கள். வேறு யாரோ “உட்காரும்மா” என்றார்கள். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. டாக்டர் எழுந்து மேடைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, படம் எடுக்கிறவர்கள் இருந்தார்கள். எஹிமாரேயின் காதருகே குனிந்தார்.

“ரிப்பனை வெட்டிட்டு இறங்கு. அசிங்கப்படுத்தாதே அவளை.”

எஹிமாரே ரிப்பனை வெட்டினான். அது சுருண்டு விழுந்தது. படம் எடுத்தார்கள். அவன் இறங்கவில்லை. கத்திரிக்கோலை விரித்து, மேலிருந்த பெட்டியின் டேப்பில் குத்தி இழுத்தான்.

“சார், சார்!” லக்கி கையை நீட்டினான். “சீல் சார் அது! என் வேலை போயிடும்!”

“நீ தடுத்தே. எல்லாரும் பார்த்தாங்க. நான் கேக்கல. அவ்வளவுதான்.”

லக்கி டாக்டரைப் பார்த்தான். அப்புறம் பேனரைப் பார்த்தான். நீட்டிய கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான், தடுப்பவன் போலவே. ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. கத்திரிக்கோல் வெல்வெட்டுக்கென்று செய்தது, மழுங்கல். குத்திக் குத்தித்தான் கிழிக்க வேண்டியிருந்தது. கையுறைப் பெட்டிகள் மேடையில் சரிந்தன. அபுஜாக்காரர் தன் ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இது நிகழ்ச்சியில் உண்டா?” என்று யாரையோ கேட்டார்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வார்டு கதவு திறந்தது. ஒமோசெடே வந்தாள். கையில் ரொட்டிப் பை இருந்தது. அவன் வாங்கிக்கொடுத்தது முந்தின நாளே தீர்ந்திருக்கும். முற்றத்தைக் கடந்து மேடைக்கு வந்தாள். மேடை ஓரத்திலிருந்த குப்பை வாளியில் பையை உரித்துப் போட்டு, பக்கத்தில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த ப்ளீச்சிங் தண்ணீரில் கையை முக்கிக் கழுவினாள். ஒரு பெட்டியை எடுத்தாள். அப்புறம் இன்னும் சிலவற்றை எடுத்து நெஞ்சோடு அடுக்கிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் மற்ற நர்ஸுகள். ரத்தம் எடுக்கிற பெண். துப்புரவுக்காரர். போன மாதம் படிப்பு முடித்து வந்தவள், பயந்த முகத்தோடு, ஒரே ஒரு பெட்டி எடுத்தாள்; ஜாயின் அம்மா மேடையேறி வந்து அவள் கையில் இன்னும் நாலைத் திணித்தாள். கூட்டத்தில் பாதி எழுந்து நின்றது. இத்தனை பேர் பார்க்க, இத்தனை தொலைபேசிகள் படம் பிடிக்க, நர்ஸின் கையிலிருந்து கையுறையைப் பிடுங்க டாக்டரால் முடியவில்லை. அவர் கைதட்டினார். வேறு வழி தெரியாமல் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

ஒமோசெடே மேடை ஓரத்தில் நின்று ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தாள். விரல் நுனிகள் தொளதொளவென்று மடங்கின.

“எனக்குப் பெருசா இருக்கு, எங்க புருஷரே” என்றாள். “அத்தனையும் பெரிய சைஸ். அவ கைக்கு அளவா இருந்திருக்கும்.”

“மணிக்கட்டுல ரப்பர் பேண்ட் போட்டுக்க.”

“ம்.”

அவள் வார்டுக்குள் போனாள். கதவுக்கு மேல் இருந்த மஞ்சள் துணியை யாரும் இன்னும் விலக்கவில்லை. உள்ளே அந்தப் பெண் வாந்தி எடுக்கும் சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. அப்புறம் ஒமோசெடேயின் குரல், ரொம்பச் சாதாரணமாக: “வந்துட்டேன், பிடிச்சுக்க.”

எஹிமாரே கத்திரிக்கோலை வெல்வெட் தட்டில் வைத்தான். கை வலித்தது. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அதை அழுத்திப் பார்த்தான். நன்றாகவே வலித்தது.

பந்தல் பிரிக்கும்போது சரக்கு முழுசும் வார்டுக்குப் போயிருந்தது; லக்கி காலி அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கித் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோரில் அடுக்கினான். கூரைவரை. டாக்டர் அவனிடம் சாவியைத் தந்தார். அவன் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.